எண்ணூற்று இருபது அடியிலிருந்து ஆறு பேர்

எங்கள் ஊரில் பாறைக்குள்ளிருந்து ஏறி வரும் ஹீலியம், காற்றில் கலப்பதற்கு முன் ஒரு நாள் யாராவது ஒருவர் வீட்டில் தங்கிவிட்டுப் போகும். மதியம் வந்தால் மறுநாள் காலை கிளம்பிவிடும். முறை வைத்து வீடு வீடாக அனுப்புவோம். தெற்குத் தெருவில் கல்யாணம், காதுகுத்து என்று ஏதாவது இருந்தால் அந்த வாரம் முழுவதும் வடக்குத் தெரு பார்த்துக்கொள்ளும்.

வருகிறவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். நாற்பது கோடி வருஷம், அறுபது கோடி வருஷம் என்று கருங்கல்லுக்குள் அடைந்து கிடந்து, ஒரு விரிசல் கிடைத்து, அதில் தண்ணீர் ஓடினால் தண்ணீரோடு, இல்லாவிட்டால் நைட்ரஜனின் துணையோடு, கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்து சேர்ந்தவர்கள். அவர்களுக்குத் தனியாக வரத் தெரியாது. துணைக்கு வருகிறவர்களோடு ஒட்டவும் மாட்டார்கள். எத்தனை காலம் கூடவே நடந்தாலும் யாரோடும் கை கோக்காத பிறவி. நைட்ரஜன் அதைத் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. ஆழ்துளைப் போர்க்குழியின் வாய்வரை கொண்டுவந்து விட்டுவிட்டுத் தன் வழியில் போய்விடும்.

அவர்களை உட்கார வைக்கும் இடம் பரண். கீழே உட்காரச் சொன்னால் மரியாதைக்கு ஒரு நிமிஷம் முயன்று பார்ப்பார்கள், முடியாது. பரணில் பாய் விரித்து, இலை போட்டு, சோறும் பருப்பும் வைத்து, இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று ஒரு தடவை கேட்டுவிட்டு இலையை எடுத்துவிட வேண்டும். அவர்கள் எதையும் தொட மாட்டார்கள். தொடாமல் இருப்பதுதான் அவர்கள் சாப்பிடும் விதம் என்று நாங்கள் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

காலையில் கூரையில் ஒரு ஓட்டைப் பிரித்து வைப்போம். மாடி வீட்டுக்காரர்கள் மொட்டைமாடிக் கதவைத் திறந்து விடுவார்கள். கிளம்பும்போது அவர்கள் "போறேனுங்க" என்பார்கள். மனிதர்களில் யாரும் அப்படிச் சொல்லிவிட்டுப் படி இறங்க மாட்டார்கள், போய்விட்டு வருகிறேன் என்றுதான் சொல்வார்கள். ஆனால் ஹீலியம் திரும்பி வருவதில்லை. காற்றில் பத்து லட்சம் பேர் இருந்தால் அதில் ஐந்து பேர் ஹீலியம். அந்த ஐந்து பேரும் பத்து லட்சம் வருஷம் போல இங்கே சுற்றிவிட்டு, காற்றையும் தாண்டி வெளியே போய்விடுவார்கள். பொய் சொல்லத் தெரியாதவர்கள், அதனால் போறேன் என்கிறார்கள். நாங்கள் அதை அபசகுனமாக எடுத்துக்கொள்வதில்லை.

ஒரே ஒரு சிரமம் உண்டு. விருந்தாளி கூரைக்கு அடியில் இருக்கும்வரை வீட்டில் உள்ளவர்களுக்கு, வெளியே போனாலும்கூட, குரல் மெலிந்து கீச்சென்று ஆகிவிடும். ஒரு நாள்தானே என்று யாரும் பொருட்படுத்துவதில்லை. போனை எடுத்தவர் கீச்சுக் குரலில் பேசினால், எதிர்முனையில் இருப்பவர், விருந்தாளி வந்திருக்கிறார் போல, நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று வைத்துவிடுவார்.

எங்கள் வீட்டில் விருந்தாளி ஒன்பது வருஷம் தங்கியிருந்தது.

என் பெயர் சென்னியப்பன். இருபத்திரண்டு வருஷம் போர் வண்டியில் டிரில்லராக இருந்தேன். போர் வண்டியில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் வந்துவிடும். கம்ப்ரசர் ஓடுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவனிடம்கூட அடிவயிற்றிலிருந்து கத்தித்தான் பேச வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கம்ப்ரசர் காதுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். நான் சாப்பிட உட்கார்ந்து உப்புக் கேட்டால் அடுத்த தெருவில் யாராவது உப்பு ஜாடியை எடுப்பார்கள். மாடு என் குரலுக்குப் பயந்து பால் தராது என்பதால், நான் வீட்டில் இருக்கும் நாட்களில் என் மனைவி சம்பூரணம் அதைப் பக்கத்துக் காட்டில் கொண்டுபோய்க் கட்டிக் கறப்பாள்.

அவள் தம்பி வீட்டுப் புதுமனைப் புகுவிழாவில், சொந்தபந்தம் எல்லாம் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது, நான் அவளைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன். என்ன வார்த்தை என்று இங்கே எழுதப்போவதில்லை. சாதாரணக் குரலில் சொல்லியிருந்தால் அவளுக்கு மட்டும் கேட்டிருக்கும். என் குரலில் சொன்னதால் நூற்றிருபது பேர் சாப்பிடுவதை நிறுத்தினார்கள். அன்றிலிருந்து சம்பூரணம் என்னிடம் பேசவில்லை. சமைத்தாள், போட்டாள், துவைத்தாள், கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போகவில்லை. பேச்சு மட்டும் இல்லை. ஒரு வருஷமும் பதினோரு மாதமும் அப்படிப் போயிற்று. நான் சத்தம் போட்டுப் பார்த்தேன், வேறு வழி தெரியாததால்.

அந்தச் சமயத்தில்தான் கோயில் புறம்போக்கில் ஒரு போர் போட்டோம். எண்ணூற்று இருபது அடி. தண்ணீர் வரவில்லை. புகையாகக் கல்மாவு வந்தது. அதன் பின்னால் ஒரு ஹீலியம் வந்தது. போர் போட்டவன் வீட்டில்தான் முதலில் வருகிறவரைத் தங்கவைக்க வேண்டும் என்பது வழக்கம், அதனால் நான் அழைத்து வந்தேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் தாகமாக இருந்தது. "தண்ணி" என்றேன். என் வாயிலிருந்து வந்தது ஒரு அணிலின் குரல். சம்பூரணம் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். ஒரு வருஷம் பதினோரு மாதத்துக்குப் பிறகு அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பு. அதுவும் கீச்சென்றுதான் வந்தது. அதைக் கேட்டு நான் சிரித்தேன். சொம்பில் இருந்த தண்ணீர் பாதி தரையில் போயிற்று.

மறுநாள் காலை ஓட்டைப் பிரித்து வைத்தேன். அது கிளம்பவில்லை. சம்பூரணம் ஏணியில் ஏறிப் பரணில் பேசிவிட்டு வந்து விவரம் சொன்னாள். மற்றவர்களைப்போல இது வயதானது இல்லையாம். பிறந்தே நான்கு நாள்தான் ஆகிறதாம். அதன் அம்மா தோரியம். எண்ணூற்று இருபதாவது அடியில், என் டிரில் பிட் உடைத்த கல்லுக்கு ஒட்டினாற்போல ஒரு மணலளவு கல்லுக்குள் இருக்கிறாள். முன்னூறு கோடி வருஷம் பிள்ளை இல்லாமல் இருந்து முதல் பிள்ளையாக இதைப் பெற்றிருக்கிறாள். தோரியத்துக்கு மொத்தம் ஆறு பிள்ளைகள். முதல் பிள்ளைக்குத்தான் அத்தனை காலம் எடுக்கும். இரண்டாவது எட்டு, ஒன்பது வருஷத்தில் பிறந்துவிடும். அதற்கப்புறம் ஒரே வாரத்தில் மீதி நாலும். ஆறாவதையும் பெற்ற பிறகு தாய் காரீயமாகி, ஓய்ந்து உட்கார்ந்துவிடுவாள்.

தம்பி தங்கைகள் வந்த பிறகு சேர்ந்து போகிறேன், அதுவரை இருக்கலாமா என்று கேட்டதாம். சம்பூரணம் என்னிடம் கேட்காமலே, இரு கண்ணு என்று சொல்லிவிட்டாள். அதை நாங்கள் மூத்தது என்று கூப்பிட ஆரம்பித்தோம். நான் பிரித்த ஓட்டைத் திரும்ப வைத்தேன்.

கம்ப்ரசருக்கு மேல் கேட்காத குரலோடு டிரில்லர் வேலை பார்க்க முடியாது. போர் வண்டிக்காரர் நல்ல மனிதர், நான்கு மாதம் பொறுத்துப் பார்த்தார். பிறகு நான் நின்றுகொண்டேன். பஞ்சாயத்தில் காய்ந்துபோன போர்க்குழிகளை மூடுகிற வேலை கொடுத்தார்கள். இருபத்திரண்டு வருஷம் நான் போட்டதை ஒன்பது வருஷமாக நானே மூடிக்கொண்டு வந்தேன்.

அந்த ஒன்பது வருஷத்தில் நாங்கள் சண்டை போடவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆரம்பிப்போம். அந்தக் குரலில் நாலு வாக்கியத்துக்கு மேல் சண்டை நிற்காது. ஒருவர் தலையைக் குனிந்துகொள்வார், தோள் குலுங்கும், அவ்வளவுதான். என் மகள் பொன்மணிக்கு மாப்பிள்ளை பார்க்க வந்தவர்கள் எங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்ததும் அவர்களுக்கும் குரல் மெலிந்துவிட்டது. சீர் செனத்தி பற்றி எல்லோரும் கீச்சுக் குரலில் பேசி, யாருக்கும் எதையும் வற்புறுத்திக் கேட்க முடியாமல், அரை மணி நேரத்தில் கல்யாணம் முடிவாயிற்று. மூத்தது பரணிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கும். சாயங்காலம் சம்பூரணம் பூக் கட்டும்போது அதனோடு பேசுவாள். அது அவளை அத்தை என்று கூப்பிடும். என்னிடம் அதிகம் பேசாது. எனக்கு அதன்மேல் பிரியம் உண்டு. அது போய்விட்டால் என் குரல் திரும்ப வந்துவிடும் என்ற பயமும் உண்டு. இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளத்தான் பார்த்தேன்.

காய்ந்த போரை மூடுவதற்கு ஒரு முறை இருக்கிறது. மண் தள்ளுவதற்கு முன் குழியின் வாயில் குனிந்து, யாராவது இருக்கிறீர்களா என்று மூன்று தடவை கூப்பிட வேண்டும். மனிதக் குரல் கேட்டால் வழியில் இருக்கிற ஹீலியம் வேகமாக ஏறி வந்துவிடும். யாரும் வராவிட்டால் மூடலாம். என் குரலை வைத்துக்கொண்டு நான் கூப்பிடக் கூடாது. மெலிந்த குரல் கேட்டால், தங்களவர் ஒருவர் வாயில் நின்றுகொண்டிருக்கிறார், அவர் நகரட்டும் என்று கீழே இருப்பவர்கள் அப்படியே நின்றுவிடுவார்கள். முட்டி மோதி ஏறும் வழக்கம் அவர்களுக்கு இல்லை. ஆகவே, கூப்பிடுவதற்கென்று என்னோடு குழந்தைவேலு வருவார். அவர் வீட்டில் விருந்தாளி முறை வருகிற நாளில் நாங்கள் இரண்டு பேரும் விடுப்பு எடுத்துக்கொள்வோம்.

ஒன்பதாவது வருஷம் கோயில் புறம்போக்குப் போரை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. அதுவரை வாயில் சாக்கைக் கட்டி ஒரு கல்லை வைத்திருந்தோம். மேலே இருந்து அதிகாரிகள் பார்வையிட வருகிறார்கள், வியாழக்கிழமைக்குள் மூடிப் படம் எடுத்துவிட வேண்டும் என்றார் பஞ்சாயத்துத் தலைவரம்மா தங்கநாயகி. குழந்தைவேலு தன் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கப் பெருந்துறைப் பக்கம் போயிருந்தார். புதன்கிழமை மதியம் நானே குழியில் குனிந்து மூன்று தடவை கூப்பிட்டேன். பதில் இல்லை. ஒரு பீடி பிடிக்கிற நேரம் நின்றேன். பிறகு முப்பது அடிக்குக் கீழே கல்லைப் போட்டு அடைத்து, மண்ணைத் தள்ளி, மேலே கான்கிரீட் போட்டு, கரணையால் தேய்த்து மட்டம் பார்த்தேன்.

என் குரல் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். இரண்டாவது பிள்ளை பிறக்க வேண்டிய வருஷம் அது என்றும் தெரியும். அந்தச் சமயத்தில் நினைவுக்கு வரவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வீட்டுக்குப் போகிற வழியில் நாலைந்து தடவை சொல்லிக்கொண்டேன்.

சாயங்காலம் சம்பூரணம் பூக் கட்டிக்கொண்டிருந்தாள். எந்தப் போரை மூடினேன் என்று கேட்டாள். சொன்னேன். அவள் கையிலிருந்த நாரைக் கீழே வைத்தாள்.

"வேணும்னே மூடிப்போட்டீங்களா, மாமா?"

கீச்சுக் குரலில்தான் கேட்டாள். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக அந்தக் குரலைக் கேட்டு எங்கள் இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை. தெரியவில்லை என்று சொன்னேன். அது உண்மை.

மூத்தது கோபப்படவில்லை. ஹீலியத்துக்குக் கோபம் வராது, யாரோடும் சேராததால் யார்மேலும் வராது. பாறையில் வேறு விரிசல்கள் இருக்கின்றன, அந்த வழியாகவும் வரலாம், கொஞ்சம் நேரம் பிடிக்கும் என்றது. எவ்வளவு என்று சம்பூரணம் கேட்டாள்.

"நாப்பதாயிரம் வருசம் ஆகுமுங்க அத்தை. நான் இருக்கறேன்."

"நாங்க இருக்க மாட்டமே, கண்ணு" என்றாள் சம்பூரணம்.

ஒன்பது வருஷமாக எங்களோடு இருந்தும் இந்த விஷயத்தை நாங்கள் அதனிடம் சொல்லியிருக்கவில்லை. அதற்கும் கேட்கத் தோன்றவில்லை. இலை போடுவதற்கு நாங்கள் எப்போதும் இருப்போம் என்று அது நினைத்திருக்கிறது. சம்பூரணம் எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள். அன்று அவள் என்னோடு பேசிய வார்த்தைகள் அந்த ஒரு கேள்வி மட்டும்தான்.

வெள்ளிக்கிழமை காலை தலைவரம்மாவைப் பார்க்கப் போனேன். முந்தின நாள் அவர் வீட்டில் முறை, விருந்தாளி இன்னும் கிளம்பவில்லை, அதனால் அவரும் கீச்சென்றுதான் பேசினார். படம் எடுத்து அனுப்பியாகிவிட்டது, மூடினது மூடினதுதான், இனி அதைத் திறந்தாலும் அது மூடிய போர்தான், ஆனால் இரும்புத் தகடு போட்டுப் பூட்டு மாட்டிக்கொள்ள வேண்டும் என்றார். பூட்டையும் அவரே கொடுத்தார்.

பத்திரிகை வைத்துவிட்டுக் குழந்தைவேலு வந்திருந்தார். நீங்கள் கூப்பிடுங்கள் என்று கேட்டேன். முடியாது என்று தலையாட்டினார். எந்த வாய் கூப்பிட்டு அவர்களை நிற்க வைத்ததோ அந்த வாய்தான் மறுபடி கூப்பிட வேண்டும், வேறு யார் கூப்பிட்டாலும் அவர்கள் நகர மாட்டார்கள், உங்கள் சொந்தக் குரலில் கூப்பிடுங்கள் என்றார். சொந்தக் குரல் வேண்டுமானால் வீட்டில் இருக்கக் கூடாது. நான் ஒரு பாயையும் சொம்பையும் எடுத்துக்கொண்டு எங்கள் தோட்டத்து மோட்டார் ரூமுக்குக் குடிபோனேன். பகலில் கடப்பாரையும் சம்மட்டியுமாகக் கான்கிரீட்டை உடைத்தேன். நல்ல வேலை. நான் போட்டது என்பதால் லேசில் உடையவில்லை.

முதல் நாள் குரல் அப்படியே இருந்தது. இரண்டாம் நாள் மதியம் தும்மினேன், கிணற்று மேட்டில் இருந்த கொக்கு இரண்டும் பறந்துபோயின. அதன் பிறகு வாயைத் திறக்கவில்லை. சம்பூரணம் தூக்குப்போசியில் சோறு கொண்டுவந்தாள். வேண்டும், போதும், வைத்துவிட்டுப் போ என்று எல்லாவற்றுக்கும் கையாட்டினேன். அவள் போகவில்லை.

"பேசுங்க மாமா. எத்தன நாளைக்குக் கையாட்டீட்டே இருப்பீங்க?"

"உப்பு பத்தல" என்றேன்.

மோட்டார் ரூம் தகரம் அதிர்ந்தது. எனக்கே அது வேறு யாரோ ஒருவர் உள்ளே நுழைந்துவிட்டதுபோல இருந்தது. சம்பூரணம் தூக்குப்போசியின் மூடியைப் பிடித்தபடி நின்றாள். "அதேதான்" என்றாள். கோபமாகச் சொன்னாளா, வெறுமனே சொன்னாளா என்று அவள் குரலை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. மடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தாள். உப்புக் கொண்டுவந்திருந்தாள்.

மறுநாள் காலை அடைப்பு விலகியது. கடைசிக் கல் சரிந்து விழுந்து, வெகுநேரம் கழித்துக் கீழே சத்தம் கேட்டது. சம்பூரணம் வந்து குழிக்கு அந்தப் பக்கம் நின்றாள். அவளைத் தூரமாகப் போகச் சொல்லிக் கையால் காட்டினேன். அவள் அங்கேயே நின்றாள். நான் மண்டிபோட்டு, குழியில் முகத்தை வைத்து, அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டேன். அவள் தம்பி வீட்டுப் பந்தியில் நூற்றிருபது பேரை நிறுத்திய அதே குரல். வேறு குரல் என்னிடம் இல்லை. மூன்று தடவை கூப்பிட்டேன். மூன்று தடவையும் ஓரக்கண்ணால் அவள் பாதத்தைப் பார்த்துக்கொண்டே கூப்பிட்டேன். பாதம் பின்னால் நகரவில்லை.

இரண்டாவது பிள்ளை முப்பத்தைந்தாவது அடியில்தான் நின்றுகொண்டிருந்திருக்கிறது. உடனே மேலே வந்தது. அண்ணன் வாயில் நிற்பதாக நினைத்து, அவர் நகரட்டும் என்று நின்றதாகவும், அப்புறம் இருட்டிவிட்டதாகவும் சொன்னது. புதன்கிழமையிலிருந்து நிற்கிறது. நான் அதனிடம் மன்னிப்புக் கேட்டேன். என் குரலில் மன்னிப்பு கேட்டாலும் மிரட்டுவதுபோலத்தான் இருக்கும். அது பரவாயில்லை என்றது. சம்பூரணம் அதை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அன்று மதியம் பரணில் இரண்டு இலை.

மூன்றாவது நான்கு நாளில் வந்துவிடும் என்று மூத்தது சொல்லி அனுப்பியது. நான் மோட்டார் ரூமிலேயே இருந்தேன். அடுத்த புதன்கிழமை காலை, இரும்புத் தகட்டைத் திறந்து கூப்பிட்டேன். மூன்றாவது வந்தது. அதை ஓரமாக நிற்கச் சொல்லித் திரும்புவதற்குள், ஒரு நிமிஷம்தான் இருக்கும், நான்காவது வந்தது. நான்காவதைப் பார்த்து நான் கண்ணை மூடித் திறப்பதற்குள் ஐந்தாவது வந்து நின்றது. அத்தனை காலம் பிள்ளையே இல்லாமல் இருந்தவளுக்கு அந்த ஒரு காலையில் மூன்று. சம்பூரணம் மூன்று பேரையும் முன்னால் விட்டுப் பின்னால் நடந்தாள். கடைக்குட்டி அரை நாள் எடுத்துக்கொண்டது. பொழுது சாய்கிற நேரத்தில் வந்தது. வந்ததும் எல்லோரும் எங்கே என்று கேட்டது. அதை நானே கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். வாசற்படியைத் தாண்டியதும் என் குரல் போய்விட்டது.

அன்று பரணில் ஆறு இலை. கொள்ளுப் பருப்பு, தக்காளி ரசம், இனிப்புக்குக் கச்சாயம். ஆறு பேரும் எதையும் தொடாமல் நன்றாகச் சாப்பிட்டார்கள். இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று சம்பூரணம் ஆறு பேரிடமும் தனித்தனியாகக் கேட்டாள். ஒரு தடவைக்கு மேல் கேட்கக் கூடாது என்பது வழக்கம். அவள் மூத்ததிடம் இரண்டாவது தடவையும் கேட்டாள்.

காலையில் ஒன்பது வருஷத்துக்கு முன் வைத்த அதே ஓட்டைப் பிரித்தேன். கடைக்குட்டி முதலில் போயிற்று, பிறகு மற்றவர்கள். ஐந்து பேரும் போறேனுங்க என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மூத்தது கடைசியாக நின்றது.

"போயிட்டு வர்றேனுங்க, அத்தை" என்றது.

பொய் சொல்லத் தெரியாதவர்கள் என்று நான் முன்பே எழுதியிருக்கிறேன். ஒன்பது வருஷம் எங்கள் வீட்டில் இருந்து அதை மட்டும் கற்றுக்கொண்டிருந்தது. சம்பூரணம் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, சரி என்று தலையாட்டினாள். எனக்கும் கண் கலங்கியது. ஏணியில் நின்றிருந்ததால் துடைத்துக்கொள்ள முடியவில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். மதியம்வரை அவளும் நானும் ஆளுக்கொரு வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒருவர் இருக்கும் அறைக்கு மற்றவர் போகாமல் பார்த்துக்கொண்டோம். நான் உடையாத ஒரு நாற்காலியைப் பழுது பார்த்தேன். பிறகு அவள் அடுப்படியிலிருந்து, "சோறு போடட்டுங்களா?" என்றாள்.

அவளுக்கும் ஒரு சொந்தக் குரல் உண்டு என்பதை நான் மறந்துபோயிருந்தேன். கொஞ்சம் தடித்த, கீழே இறங்கிப் பேசுகிற குரல். நான் அதைக் கேட்டுப் பதினோரு வருஷம் ஆகிறது. அதற்கு முன் இருந்த வருஷங்களிலும் என் சத்தத்தில் சரியாகக் கேட்டேனா என்று தெரியவில்லை.

"போடு" என்றேன்.

ஓடு இரண்டு அதிர்ந்தது. அவள் சோற்றோடு வந்து உட்கார்ந்தாள். உப்பு ஜாடியை நான் கேட்பதற்கு முன்பே பக்கத்தில் வைத்திருந்தாள். மகளைப் பற்றி ஏதோ பேசிக்கொண்டே சாப்பிட்டோம். நான் முடிந்தவரை மெதுவாகப் பேசினேன், பக்கத்து வீட்டுக்காரர்கள் மட்டும் இடையில் இரண்டு தடவை பதில் சொன்னார்கள்.

நான்கு மாதம் கழித்து ஒரு நாள் காலை, கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. கதவின் அடியில், தரையோடு தரையாக யாரோ தட்டினார்கள். திறந்து பார்த்தால் ஆறு பிள்ளைகளின் அம்மா. காரீயமாகியிருந்தாள். எண்ணூற்று இருபது அடியையும் நடந்தே ஏறியிருக்கிறாள். பிள்ளைகள் எல்லாம் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தார்களா என்று கேட்டாள். போய்விட்டார்கள் என்று சொன்னோம். இனித் தனக்கு வேலை ஒன்றும் இல்லை என்றாள். சம்பூரணம் அவளை உள்ளே வரச் சொல்லி, ஆட்டுக்கல்லுக்குப் பக்கத்தில் பாய் விரித்தாள். காரீயத்துக்குப் பரண் சரிப்படாது.

அவள் வந்த மறுநாள் சாப்பிட உட்கார்ந்தபோது ரசத்தில் புளி தூக்கலாக இருந்தது. நான் பழைய பழக்கத்தில் ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டேன், தம்பி வீட்டில் சொன்ன அதே வார்த்தை. அது சம்பூரணம் இருந்த இடத்துக்குப் போய்ச் சேரவில்லை. பாதி வழியில் காரீயத்தின் கனம் தாங்காமல் டொக்கென்று தரையில் விழுந்தது. சம்பூரணம் அதைக் குனிந்து எடுத்தாள். உள்ளங்கையில் வைத்து இரண்டு தடவை தூக்கிப் பார்த்தாள். எழுந்து போய் மாங்காய் ஊறுகாய் ஜாடியின் மூடிமேல் வைத்துவிட்டு வந்தாள். அந்த மூடி வாங்கின நாளிலிருந்தே சரியாக உட்காராமல் இருந்தது. இப்போது உட்கார்ந்துவிட்டது.